பேச்சு ஆங்கிலத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

முக்கூடலிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மாலையில் வீட்டுத் திண்ணையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாராம். "பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேச வைக்க வேண்டும், எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" என்கிறார்.

இப்போதைக்குப் புத்தகம் வேண்டாம் தங்கை. பேச்சு காது வழியாக வர வேண்டியது. முப்பது நாளில் பேசலாம் என்கிற புத்தகங்களில் வாக்கியம் இருக்கும், குரல் இருக்காது. எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும் என்பதையெல்லாம் தாளைப் பார்த்துப் பழக முடியாது. ஆகவே இரண்டைத்தான் பாருங்கள்: ஒலிப்பதிவு இருக்கிறதா? பேசியது அப்படியே எழுத்திலும் கிடைக்கிறதா?

இந்த வயதுக்கு நான் முதலில் சொல்வது 'லெட்ஸ் லேர்ன் இங்கிலீஷ்'. அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா தயாரித்த வீடியோ பாடம். முதல் நிலையில் 52 பாடங்கள். வாஷிங்டனுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசுவதாகவே போகும். ஆசிரியருக்கான பாடக்குறிப்பும் உண்டு. அவர்களே தயாரித்த பாடங்களுக்குப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லை என்பதால், உரையாடலை ஜெராக்ஸ் எடுத்துத் தயங்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். சுமார் 1500 சொற்களுக்குள் நிதானமாகச் செய்தி வாசிப்பதை 1959-லேயே தொடங்கிய வானொலி அது. கற்கிறவர்களின் சிரமம் அவர்களுக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் தளத்தில் ஏ1, ஏ2 என்று நிலை பிரித்திருப்பார்கள், எளிய நிலையான ஏ1-இல் தொடங்குங்கள். பி.பி.சி.யின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' பிள்ளைகளுக்குக் கடினம், உங்களுக்கு ஏற்றது. கற்றுத்தருகிறவரின் காதும் பழக வேண்டும் அல்லவா? ஒரு சிறிய ஸ்பீக்கர் வாங்குங்கள். பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் தாய்மார்களும் கேட்கட்டும், அவர்களுக்கும் ஆசை இருக்கிறது.

இனி, இதை நடத்தும் விதம். முதலில் எழுத்தைக் காட்டாமல் இரண்டு தடவை கேட்க வையுங்கள். யார் பேசுகிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் தமிழிலேயே கேளுங்கள். பிறகு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அதே வேகத்தில் சொல்ல வையுங்கள். பிறகு இருவர் இருவராகப் பேசட்டும், ஆள் மாற்றியும் பேசட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு பாடம் போதும். தினம் ஒரு புதுப் பாடம் ஓட்டினால் ஒன்றும் வாயில் தங்காது.

வாரக் கடைசியில் பாடத்தில் வரும் ஊரை நம் ஊராக மாற்றுங்கள். 'லெட்ஸ் லேர்ன் இங்கிலீஷ்' வரிசையில் வழி சொல்லும் பாடம் ஒன்று வரும். வாஷிங்டன் தெருவை எடுத்துவிட்டு நெல்லைச் சந்திப்பு ரயில் நிலையத்தை வையுங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் இறங்குகிறார். நெல்லையப்பர் கோயிலுக்கு எந்த பஸ், இசைத்தூண்கள் எங்கே இருக்கின்றன, அல்வா எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்கிறார். பதில் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆங்கிலத்தை மட்டும் தேடினால் போதும் என்கிறபோது கூச்சம் பாதி போய்விடும். இப்படி நீங்களே எழுதும் பாடத்தைத்தான் எல்லாவற்றிலும் நல்ல பாடம் என்பேன்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் திருத்தாதீர்கள், மற்ற பிள்ளைகள் சிரிக்கவும் விடாதீர்கள். பிழையைக் குறித்து வைத்துக்கொண்டு, யார் செய்தது என்று சொல்லாமல் மறுநாள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுங்கள்.