அருவிக்கு மேலே போன கப்பி மீன்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. போன மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணிக்கு வந்தவர் ஒரு பாலிதீன் பையில் கப்பி மீன் கொண்டுவந்து அதில் விட்டுப் போனார். இன்று காலை கிளம்பும்போதுகூடக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆண் மீனுக்கு வால் பக்கம் ஆரஞ்சுப் பொட்டு. பெண் மீன் சாம்பல் நிறம். வயிறு உப்பியபடி, சுவரில் படிந்த பாசியைக் கொத்திக்கொண்டிருந்தது. முட்டையிடாமல் குட்டி போடும் மீன் இது.

இதன் சொந்த ஊர்களில் ஒன்று டிரினிடாட் தீவு. அங்கே வடக்கு மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகளில் அருவிகள் உண்டு. அருவிக்குக் கீழே, கப்பியை விழுங்கும் பெரிய மீன்கள் வாழ்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று நம்மூர் ஜிலேபி மீனுக்குத் தூரத்து உறவு. இந்தப் பெரிய மீன்களால் அருவி ஏற முடியாது. அதனால் மேலே இருக்கும் கப்பிக்கு அவ்வளவு ஆபத்து இல்லை.

கீழே இருப்பது சீக்கிரமே பருவமடைந்து, பொடிப்பொடிக் குட்டிகளாக நிறையப் போட்டுவிடும். நாளைக்கு இருப்போமா என்பதே நிச்சயமில்லையே! மேலே இருப்பது நிதானமாக வளர்ந்து, எண்ணிக்கையில் குறைவாக, ஆனால் பெரிய குட்டிகளாகப் போடும்.

1976-ல் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர், அரிப்போ ஆற்றில் அருவிக்குக் கீழே பிடித்த சுமார் 200 கப்பிகளை, அதுவரை கப்பியே இல்லாத மேல் ஓடை ஒன்றில் விட்டார். 11 ஆண்டுகள் கழித்து அவரும் டேவிட் ரெஸ்னிக்கும் குழுவினரும் பார்த்தபோது, அவற்றின் வாரிசுகள் மேல் ஓடை மீன்களைப் போலவே தாமதமாகப் பருவமடைந்தன, பெரிய குட்டிகள் போட்டன. இடம் மாறியதால் வந்த பழக்கமாக இருக்கலாம் அல்லவா? அதற்காக இரண்டு ஊர் மீன்களையும் ஆய்வகத்தில் ஒரே மாதிரித் தண்ணீர், ஒரே மாதிரித் தீனி கொடுத்துத் தலைமுறை தாண்டி வளர்த்தார்கள். அப்போதும் வித்தியாசம் போகவில்லை. அது பரம்பரையில் ஏறிவிட்டது. பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருஷம் என்று நான் படித்திருந்தேன். இது ஒரு பிள்ளை பிறந்து ஆறாம் வகுப்புக்குப் போகிற காலம்.

சரி, மீன் மாறியது. ஓடை என்ன ஆனது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், டிரினிடாடிலேயே செயற்கை ஓடைத் தொட்டிகள் அமைத்து, சிலவற்றில் மேல் கப்பியையும் சிலவற்றில் கீழ்க் கப்பியையும் விட்டார்கள். கீழ்க் கப்பி பூச்சிப் புழுக்களைத் தேடித் தேடித் தின்றது. மேல் கப்பி பாசியையும் மட்கிய சருகையும் கூடுதலாகத் தின்றது. சில வாரங்களிலேயே தொட்டிகள் வேறு வேறாகிவிட்டன: பாசியின் அளவு, புழுக்களின் எண்ணிக்கை, இலை மட்கும் வேகம், எல்லாமே. பெயரளவில் ஒரே மீன்தான்!

மேல் கப்பி ஏன் பாசிக்கு இறங்கியது? தின்ன ஆளில்லாததால் கப்பிகள் பெருகின. பெருகினால் நல்ல தீனிக்குப் போட்டி. அந்தப் போட்டியில் பெரிய குட்டிதான் பிழைக்கும். பாசியையும் தின்னப் பழகியதுதான் தாக்குப்பிடிக்கும். பெரிய மீன் இல்லாதது மட்டும் கப்பியை மாற்றவில்லை. கப்பிக் கூட்டமே தன் ஓடையை வறியதாக்கி, அந்த வறுமை திரும்பவும் கப்பியை மாற்றியிருக்கிறது. சூழலியலை ஒரு பாடமாகவும் பரிணாமத்தை இன்னொரு பாடமாகவும் பிரித்து நடத்துகிறோமே, ஓடையில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது?

இதைச் சோதிக்கத்தான் 2008, 2009-ல் குவானாப்போ ஆற்றின் நான்கு கிளை ஓடைகளில் ரெஸ்னிக் குழுவினர் புதிதாகக் கப்பிகளை விட்டார்கள். இரண்டு ஓடைகளில் மேலே கவிந்த மரக்கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டார்கள். வெயில் விழுந்தால் பாசி வளரும். பாசி வளர்ந்தால் தீனி கூடும். அப்புறம் மாதாமாதம் ஓடையில் இறங்கி, வலையில் கப்பிகளைப் பிடித்து, தோலுக்கடியில் ஊசியால் ஒரு வண்ணப் பொட்டு வைத்து, மரபணுவுக்காகச் செதில் எடுத்துக்கொண்டு, எந்தக் குட்டையில் பிடித்தார்களோ அதே குட்டையில் திரும்ப விட்டார்கள்.