தலைப்பு மட்டும் எழுதிய கொப்பி

வணக்கம், அன்பான நேயர்களே. கொழும்பில் 32 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். ஓய்வு பெற்றால் வாயும் ஓயும் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். இந்த நிலையத்தார் அதைக் கெடுத்துவிட்டார்கள்.

விசேட தேவையுடைய மாணவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சக்கர நாற்காலியோ வெள்ளைப் பிரம்போ உங்கள் மனத்தில் வந்திருக்கும். அவர்களுக்கு நம் நாட்டில் கை கொடுக்கத் தொடங்கி நூறு வருடம் தாண்டிவிட்டது. செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம், இப்போது இரத்மலானையில் இருப்பது, 1912 இல் தொடங்கப்பட்டது. நான் பேச வந்தது பார்வைக்கு ஒரு குறையும் தெரியாத பிள்ளையைப் பற்றி. மற்றப் பிள்ளைகளோடு அதே வாங்கில்தான் இருப்பான்.

தரம் 9. கொப்பி திருத்தும் நாள். ஒரு கொப்பியைத் திறக்கிறேன். மேலே திகதி. அதன் கீழே ‘ஒளித்தொகுப்பு’ என்ற தலைப்பு, அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கீறிய கோடு. பிறகு ஒன்றரை வரி. மிச்சப் பக்கம் வெள்ளை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மறுபடியும் திகதி, தலைப்பு, சிவப்புக் கோடு, ஒன்றரை வரி, வெள்ளை. முழுக் கொப்பியும் அப்படித்தான். சோம்பேறி என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? வகுப்பின் முன்னால் சொன்னேன். ஒரு தவணை முழுக்கச் சொன்னேன்.

அடுத்த தவணைப் பரீட்சையின்போது அந்தக் கொப்பிக்காரன் இருந்த மண்டபத்தில் நான் காவல். அவன் விரல் முதலாம் வினாவில் ஊர்கிறது, உதடு அசைகிறது, நாலு சொல் தாண்டியதும் விரல் திரும்ப முதற்சொல்லுக்கே வருகிறது. அரை மணித்தியாலம் இதே வேலை. பரீட்சை முடிந்த பிறகு ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போனேன். அதே வினாத்தாளை நான் வாசித்தேன், அவன் வாயால் பதில் சொன்னான். இலையை ஏன் மதுசாரத்தில் கொதிக்க வைக்கிறோம் என்ற வினா வந்தது. “பச்சை போனால்தானே சேர், அயடீனின் நீலம் தெரியும்?” என்றான். அந்த வகுப்பில் பலர் ‘மாப்பொருளைச் சோதிக்க’ என்று மனப்பாடமாக எழுதியிருந்தார்கள். காரணம் சொன்னவன் இவன்தான். எனக்கு நாற்காலி தேவைப்பட்டது.

இது புதிய கதையும் அல்ல. 1896 இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கு வரும், வாசிப்பு வராது. ‘டிஸ்லெக்சியா’ என்று இன்று சொல்லும் வாசிப்புக் குறைபாடு இதுதான். பெர்சி என்ற தன் பெயரையே ‘ப்ரெசி’ என்று எழுத்து மாறி எழுதினானாம். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் வைத்தியர் பதிந்து வைத்திருக்கிறார். அந்த ஆசிரியருக்கு விளங்கியது எனக்கு விளங்க ஒரு தவணை பிடித்தது.

நம் எழுத்தும் இலேசுப்பட்டதல்ல. ‘கொக்கு’ என்ற சொல்லை மனத்தில் நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. வாயில் முதலில் வருவது ககரம். பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. சில பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கொம்பும் ஒரு வேகத்தடை.

இப்போது என் பழைய சண்டைக்கு வருகிறேன். என்னோடு வேலை செய்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் சிரிப்பார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைத்தான் சொல்கிறேன். நாற்பது நிமிடப் பாடத்தில் முப்பது நிமிடம் பிள்ளை எழுதுகிறது, ஆசிரியர் வெண்கட்டித் தூளைத் தட்டுகிறார். இதைப் படிப்பித்தல் என்கிறோம். எழுத முடிந்த பிள்ளைக்கே அதில் பெரிய பயனில்லை. எழுத இயலாத பிள்ளைக்குத் தலைப்பும் ஒன்றரை வரியும்தான் மிஞ்சும். குறிப்பை அச்சடித்துக் கொடுங்கள், வினாவை ஒருதரம் உரத்து வாசியுங்கள் என்றால், “மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் அல்லவா?” என்பார்கள்.

காலி வீதியில் நின்று பாருங்கள். 102 பஸ்ஸில் பலகை இருக்கிறது. ஆனாலும் நடத்துநர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு “கொட்டாஞ்சேனை, கொட்டாஞ்சேனை” என்று கத்துகிறார். கண்ணாடியை மறந்து வந்த ஐயாவும் ஏறுகிறார், வாசிக்கத் தெரிந்தவரும் ஏறுகிறார். பலகையை வாசித்து வந்தவருக்கு அநியாயம் என்று யாராவது டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதுண்டா? அந்தப் பையனும் கொழும்பு முழுக்க அப்படித்தான் போய்வந்தான், காதால்.

சட்டம் இருக்கிறது. இயலாமையைக் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்று 1996 இன் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சட்டம் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே, ஐந்தாம் தரம்வரை ஒரு வகுப்பாசிரியை பிள்ளையின் போக்கை அறிந்து வைத்திருப்பார். ஆறாம் தரத்தில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மணி அடிக்க அடிக்க ஆள் மாறும். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் அறிவார்கள், முழுதாக ஒருவரும் அறியார். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு எது கடினம், எது உதவும் என்று அரைத்தாளில் எழுதி எல்லா ஆசிரியருக்கும் கொடுத்தால் போதும். நாங்கள் அதைச் செய்தோம், தாமதமாக. பையன் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் திறமைச் சித்தி எடுத்தான். தமிழ் இரண்டாம் முறைதான் கிடைத்தது.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். செவிப்புலன் குறைந்த பிள்ளைகளைப் பற்றி எழுதி வந்த தாள்களை மடித்து வைக்கிறேன். ஆசிரியர்களுக்கு ஒன்று மட்டும்: கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். அவர்கள் உதட்டைப் பார்க்கிறார்கள், முதுகில் உதடு இல்லை.

பெற்றோருக்கு அவசரமாக ஒரு செய்தி. பொதுப் பரீட்சையில் மேலதிக நேரம், எழுதுவதற்கு ஓர் ஆள், பெரிய எழுத்து வினாத்தாள் என்று சலுகைகள் உண்டு. அந்தப் பையனுக்கு மேலதிக நேரம் கேட்டிருக்கலாம் என்பது எனக்கே காலம் கடந்துதான் தெரிந்தது. பரீட்சை நெருங்கியபின் ஓடாதீர்கள். தரம் 10 இலேயே மருத்துவ அறிக்கையோடு அதிபரைச் சந்தித்து, விண்ணப்பம் போகும்போதே இதுவும் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டு… சரி தம்பி, ஒரு விரலாகிவிட்டது. வணக்கம்.