தீக்கடைகோல்

நேயர்களுக்கு வணக்கம்.

தயிரைக் கடைகிறோம். தீக்கும் அதே சொல்தான்: தீக்கடைதல். மத்தில் கயிறு சுற்றி இழுத்துப் பழகிய கைக்கு, கோலில் கயிறு சுற்றித் தீ எடுப்பது அவ்வளவு அந்நியமான வேலையாக இருந்திருக்காது.

நானும் கடைந்து பார்த்தேன். முதல் நாள் கிடைத்தது கொப்புளம் மட்டும். உறுதியான மரம் நல்லதென்று வேப்பங்கட்டையை எடுத்தது என் பிழை. அடிக்கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும்.

அதன் ஓரத்தில் கோலை நிறுத்திக் கடைய ஒரு குழி. குழியிலிருந்து விளிம்புவரை ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. இந்த வெட்டை மறந்தால் நாள் முழுதும் கடைந்தாலும் புகைதான் மிஞ்சும். உதிரும் தூள் அதில் குவிந்தால்தான் சூடு ஓரிடத்தில் நிற்கும். கோலின் தலையை அழுத்திப் பிடிக்க ஒரு சிரட்டைத் துண்டு போதும்.

கோல் கீச்சிட்டால் குழி வழவழப்பாகிவிட்டது என்று பொருள். ஒரு சிட்டிகை மணல் போடுங்கள். தூள் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் இன்னும் அழுத்த வேண்டும். கருத்துவிட்டதா? கோலை எடுங்கள். அதன் பிறகும் தூள் தானாகப் புகைந்தால் உள்ளே கங்கு இருக்கிறது. அவசரப்பட்டு ஊதினால் சிதறிவிடும். கசக்கிய தேங்காய் நாரைக் குருவிக்கூடுபோல் சுருட்டி, கங்கை அதில் இறக்கி, மெல்ல ஊத வேண்டும்.

1827இல் ஜான் வாக்கர் என்ற இங்கிலாந்து மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்கத் தொடங்கினார். அதில் எனக்கு வருத்தமில்லை. தீப்பெட்டி கையில் இருக்கும்போது கோலைத் தேடுவது வெறும் வீம்பு.

புறநானூற்றில் ஔவையார் அதியமானை, வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகிய ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். ஞெலிகோல் என்பது இதே தீக்கடைகோல்தான். இருப்பதே தெரியாமலும் இருப்பான், எரியாகவும் எழுவான் என்று அவன் வீரத்தைச் சொல்கிற பாட்டு. என் கண்ணோ அந்த இறவாரத்திலேயே நின்றுவிட்டது. மழை படாத இடம், கை எட்டும் உயரம், கீழே அடுப்பு இருந்தால் புகையும் ஏறும். கோலை எங்கே வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கிறது.

என் இரண்டாவது கோலைத் திண்ணையில் போட்டுவைத்திருந்தேன். ஓர் இரவுத் தூறலில் ஊறிப்போயிற்று. மூன்றாவது இப்போது சமையலறைப் பரணில் இருக்கிறது.