இந்த ஃபோல்டரின் பெயரை மாற்றாதீர்கள்! கோண்டா ஒளித்து வைத்திருக்கும் 255 எழுத்துகள்

பைத்தான் நூலகங்களை நிறுவித் தரும் கோண்டா என்ற கருவி உருவாக்கிய ஒரு ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றினீர்கள். உள்ளே எதையும் தொடவில்லை. மறுநாள் டெர்மினலில் நூலகம் நிறுவும் பிப் கட்டளையைத் தட்டினால், 'பேட் இன்டர்பிரெட்டர், நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வருகிறது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது கணினி.

வணக்கம் நண்பர்களே. ஆய்வு மாணவனாக இருந்தபோது எனக்கும் இது நடந்தது. காலையில் முடிவுகளைக் காட்ட வேண்டும். இரவு முழுக்க ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து ஃபோல்டரின் பழைய முகவரியைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையால் திருத்த முடியாத இடங்களிலும் அந்த முகவரி பதிந்திருக்கும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

பின்னணி இரண்டே வரி. நாம் எழுதுவது பைத்தான் என்றாலும், நம்பை, சைபை போன்ற கணக்கீட்டு நூலகங்களின் அடியில் ஓடுவது சி, ஃபோர்ட்ரான் நிரல்கள். இவற்றை அவரவர் கணினியில் கம்பைல் செய்து, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் பைனரியாக மாற்றி, எல்லோரும் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் கோண்டா வந்தது, கம்பைல் செய்த பைனரியையே கையில் கொடுத்தது, ஒவ்வொரு வேலைக்கும் தனி என்விரான்மென்ட், அதாவது அதற்கான நூலகங்கள் மட்டும் உள்ள தனி ஃபோல்டர், போட்டுக்கொள்ளவும் வழி செய்தது.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம்.

வரைபட வேலை செய்பவர்களுக்கு ப்ராஜ் என்ற நூலகம் தெரிந்திருக்கும். பூமியின் ஆயத்தொலைவுகளை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றித் தருவது. அதற்கு ப்ராஜ் டாட் டிபி என்ற தரவுத்தள ஃபைல் வேண்டும். அது எங்கே இருக்கும் என்பது கம்பைல் ஆகும்போதே நிரலுக்குள் பதிந்துவிடும். ஆனால் கம்பைல் ஆவது உங்கள் கணினியில் இல்லையே! எங்கோ ஒரு சர்வரில். அதற்கு உங்கள் பெயர் தெரியாது, எந்த டிரைவில் வைக்கப்போகிறீர்கள் என்றும் தெரியாது. பிறகு எப்படிச் சரியான முகவரி உள்ளே வருகிறது?

[திரையில்: பைனரிக்குள் ஒரு நீண்ட எழுத்து வரிசை]

பாருங்கள்: ப்ளேஸ்ஹோல்ட், ப்ளேஸ்ஹோல்ட், ப்ளேஸ்ஹோல்ட் என்று போய்க்கொண்டே இருக்கிறது. 255 எழுத்து வரும்வரை இதையே அடுக்கி, அந்த அபத்தமான நீளப் பெயருள்ள ஃபோல்டரில் வைத்துத்தான் எல்லாவற்றையும் கம்பைல் செய்கிறார்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்யும்போது கோண்டா அந்த வரிசையைத் தேடிப்பிடித்து, அதன்மேல் உங்கள் உண்மையான முகவரியை எழுதுகிறது.

உங்கள் முகவரி 40 எழுத்துதான் என்றால் மிச்சம்? இங்கேதான் அழகு. பைனரியில் ஒவ்வொன்றுக்கும் இடக்கணக்கு உண்டு; ஒரு எழுத்து குறைந்தாலும் பின்னால் இருப்பதெல்லாம் நகர்ந்து நிரல் நொறுங்கிவிடும். அதனால் காலி இடத்தைப் பூஜ்ய பைட்டுகளால் நிரப்புகிறது. செக் எழுதும்போது 'ஐந்நூறு மட்டும்' என்று எழுதிவிட்டு, மீதி இடத்தில் ஒரு கோடு இழுப்போம் அல்லவா? அதேதான்! சி மொழியில் பூஜ்ய பைட்டைப் பார்த்ததும் 'வாசகம் முடிந்தது' என்று நிரல் நின்றுவிடும். அதற்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் இருந்தாலும் கவலையில்லை.

முதலில் அந்த இடம் 80 எழுத்துதான் இருந்தது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகும் பெரிய கணினிக் கூடங்களில் முகவரி அதற்குள் அடங்காமல் 'பேடிங் எரர்' வந்தது. அதனால்தான் 255 ஆக்கினார்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் இன்னொரு படி: பைனரியில் கை வைத்தால் அதன் டிஜிட்டல் கையெழுத்து செல்லாது என்பதால், கோண்டா முகவரியை எழுதிய கையோடு மறுபடி கையெழுத்தும் போட்டுவிடுகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது எனக்கு.

இந்த எழுதும் வேலை நடப்பது ஒரே ஒரு முறை, இன்ஸ்டால் ஆகும்போது. அப்புறம் நீங்கள் ஃபோல்டரை நகர்த்தினால் பைனரிக்கு யார் போய்ச் சொல்வது? 'கோண்டா ரீநேம்' என்றே ஒரு கட்டளை இருக்கிறதே என்பீர்கள். அதுவும் புதுப் பெயரில் ஒரு நகலை நிறுவிவிட்டுப் பழையதை அழிக்கத்தான் செய்கிறது. பைத்தானோடு வரும் வென்வ் என்ற கருவியில் போட்ட என்விரான்மென்ட்டும் நகர்த்தினால் உடையும். அங்கே முகவரி இருப்பது ஸ்கிரிப்ட்களின் முதல் வரியில்.

ஆகவே என்விரான்மென்ட்டைப் பொக்கிஷமாகப் பாதுகாக்காதீர்கள். பாதுகாக்க வேண்டியது பேக்கேஜ்களின் பட்டியல் உள்ள, என்விரான்மென்ட் டாட் ஒய்எம்எல் என்ற சின்ன ஃபைலை. 'கோண்டா என்வ் எக்ஸ்போர்ட்' கட்டளையோடு 'ஃப்ரம் ஹிஸ்டரி' சேர்த்தால் நீங்கள் கேட்டு வாங்கிய பேக்கேஜ்கள் மட்டும் வரும். நீங்கள் பதிப்பெண் சொல்லாமல் கேட்டிருந்தால் அதிலும் பதிப்பெண் இருக்காது; அதைக் கையால் எழுதிவிடுங்கள், ஆய்வுக் கட்டுரைக்கு அது முக்கியம். பிறகு அந்த ஃபைலை நிரலோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் போட்டுவிடுங்கள்.

இணையமே இல்லாத கணினிக்குக் கொண்டுபோக வேண்டுமா? கோண்டா பேக் என்று ஒரு கருவி இருக்கிறது. முழு என்விரான்மென்ட்டையும் மூட்டை கட்டும். அங்கே பிரித்ததும் 'கோண்டா அன்பேக்' என்று ஓட்டினால், அதே முகவரி எழுதும் வேலை இன்னொரு முறை நடக்கும். லினக்ஸில் கட்டியதை லினக்ஸில்தான் பிரிக்க வேண்டும்.

உங்கள் என்விரான்மென்ட் கடைசியாக எப்போது, எதைச் செய்தபோது உடைந்தது? எரர் வரியோடு கமெண்டில் போடுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.