எந்தத் துறையில் ஏறுவது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோங் பட்டணத்தின் கடைத்தெருவிலும் கோயில் வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பிள்ளைகளைத் தீவுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும், பெரி எங்கே ஏறுறது?" பெரி என்பது கரைக்கும் தீவுக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் செல்லும் பயணப் படகு. தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பிள்ளைகளையும் பெற்றோரையும் பலமுறை கடல் கடத்தி அழைத்துச் சென்றவன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, உங்கள் கூட்டத்தில் வயதில் மூத்தவர் யார், இளையவர் யார் என்பதைத்தான். அந்த இருவராலும் எத்தனை நேரம் கடலில் அமர்ந்திருக்க முடியும் என்பது தெரிந்தால், எந்தத் துறைக்குப் போவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

கைக்குழந்தையோ, முதல் முறையாகக் கடலைப் பார்க்கும் பாட்டியோ உடன் வருவதாக இருந்தால், நம் பக்கத்துத் துறைமுக நகரமான பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குப் போகும் பெரியே போதும் என்பேன். சுமார் 10 நிமிடப் பயணம்; பெரியவர்களுக்குக் கட்டணம் 2 வெள்ளி (ரிங்கிட்). பழைய இரட்டைத்தட்டுப் பெரிகள் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023இல் ஓடத் தொடங்கிய புதிய பெரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் போகலாமே தவிர, கார் ஏற்ற முடியாது. இதை அறியாமல் இன்றும் சிலர் காரோடு துறைமுக வாசல்வரை போய்த் திரும்புகிறார்கள். அதைவிட, சுங்கை பட்டாணியிலோ குரூணிலோ கொமுட்டர் ரயில் ஏறிவிடுங்கள். பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கினால் பெரித்துறைக்கு நடந்தே போய்விடலாம். அக்கரையில் இறங்கிய பிறகும், லிட்டில் இந்தியாவும் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன.

அந்தப் 10 நிமிடத்தில் பிள்ளைகளைத் தெற்கே, பினாங்குப் பாலத்தின் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஜெரெஜாக் தீவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ராஜுலா போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கில் வந்திறங்கிய நம் முன்னோர்களில் பலரைத் தோட்டங்களுக்கு அனுப்புவதற்கு முன், நோய்த் தடுப்புக்காக அங்கேதான் தங்க வைத்தார்கள். கொள்ளுத் தாத்தா கடந்துவந்த கடலின் கடைசித் துண்டைத்தான் நாம் இப்போது கடக்கிறோம் என்று சொன்னால், கைப்பேசியை மூடிவைத்துவிட்டு எழுந்து பார்க்காத பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை.

திருவிழா நாள்களில் மட்டும் இந்தத் துறைக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம். 1988ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, பட்டர்வொர்த் பெரித்துறையில் விழாக் கூட்டம் தாங்காமல் தளம் இடிந்து விழுந்து 32 பேர் உயிரிழந்தார்கள். துறை பின்னர் சீரமைக்கப்பட்டது என்றாலும், நெரிசலில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முண்டுவதைவிட அடுத்த பெரிக்குக் காத்திருப்பதே மேல்.

இனி லங்காவித் தீவுக்கு வருகிறேன். முன்பு ஜார்ஜ் டவுனிலிருந்தே நேராக லங்காவிக்குப் பெரி ஓடியது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கடலில் இருக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் அது நின்றது. அந்தப் பழைய நினைவில் துறைமுகத்துக்குப் போய் நிற்காதீர்கள். நமக்கு ஏற்ற துறைகள் கோல கெடாவும் கோல பெர்லிஸும்தான். பீடோங்கிலிருந்து கோல கெடா காரில் ஒரு மணி நேரத் தொலைவு. அங்கிருந்து கடலில் ஒன்றேமுக்கால் மணி நேரம். கோல பெர்லிஸுக்குச் சாலையில் இன்னும் முக்கால் மணி நேரம் கூடுதலாகப் போக வேண்டும். ஆனால் கடலில் ஒன்றேகால் மணி நேரம்தான், கட்டணமும் சற்றுக் குறைவு. மொத்தக் கணக்கைப் பார்த்துப் பலர் கோல கெடாவையே தேர்ந்தெடுக்கிறார்கள். நான் அவ்வாறு செய்வதில்லை. காரில் குழந்தைக்கு வயிற்றைப் புரட்டினால் சாலையோரம் நிறுத்தி முகம் கழுவிவிடலாம், நடுக்கடலில் பெரியை நிறுத்த முடியாது. ஆகவே கடலில் குறையும் அந்த அரை மணி நேரத்துக்காகச் சாலையில் முக்கால் மணி நேரம் கூடுதலாகப் போவது, சிறு பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு நட்டமே இல்லை.

இதை நான் என் அம்மாவிடமிருந்து கற்றேன். ஒரு செப்டம்பர் விடுமுறையில் கோல கெடாவில் ஏறினோம். கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டதால் முன்வரிசையிலேயே அமர்ந்துவிட்டோம். கரையை விட்டு விலகியதும் படகின் மூக்கு எழும்பி எழும்பி விழத் தொடங்கியது. கண்ணாடியில் தண்ணீர் அறைந்துகொண்டே இருந்தது. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறுவதும் முகர்வதுமாகவே இருந்தார். லங்காவியின் குவா துறையில் இறங்கியபோது அந்தப் பழத்தின் தோலில் நகம் படாத இடமே இல்லை. திரும்பும்போது அவரைக் கீழ்த்தளத்தில், நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் அமர வைத்தேன். முன்பகுதிதான் அலையில் அதிகம் எழுந்து விழும். நடுவிலும் பின்னாலும் ஆட்டம் குறைவு. அதே கடல், அதே ஒன்றேமுக்கால் மணி நேரம். அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் நாசி லெமாக்கை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். உள்ளே குளிர்சாதனம் கடுமையாக இருக்கும் என்பதால், குழந்தைக்கு ஒரு போர்வையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை வேறிடத்தில் அடுக்கிவிடுவார்கள். அமர்ந்ததும் உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது, பிள்ளைகளுக்கான அளவில் உண்டா என்று பணியாளரைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பருவத்தையும் பார்த்தாக வேண்டும். தீபாவளி முடிந்து ஆண்டிறுதி நெருங்கும் காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் முதலிய கிழக்குக் கரைத் தீவுகளுக்குப் படகுகள் நின்றுபோவதும் விடுதிகள் மூடப்படுவதும் அப்போதுதான். மலிவாகக் கிடைக்கிறது என்று அந்த மாதங்களுக்கு முன்பணம் கட்டிவிட்டு வருந்திய குடும்பங்களை எனக்குத் தெரியும். நம் மேற்குக் கரைக்குத் தீபகற்பத்தின் மலைத்தொடர் அரணாக நிற்பதால் ஆண்டிறுதிக் கடல் இங்கே பெரும்பாலும் அமைதியாக இருக்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில்தான் கவனம் தேவை. கிழக்குக்கரைப் பயணத்தை ஏப்ரலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தியோமானுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: பெரி புறப்படும் மெர்சிங் ஆற்றுமுகம் ஆழமில்லாதது, நீர் ஏற்றத்தைப் பொறுத்தே பெரியின் நேரம் அமையும், நாளுக்கு நாள் மாறும் அந்த அட்டவணையைப் பார்த்த பிறகே வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

லங்காவிக்கான கடற்பயணமும் நீளம் என்று நினைப்பவர்களுக்கு, பேராக் மாநிலத்தின் லூமுட்டிலிருந்து போகும் பங்கோர் தீவு இருக்கிறது. அத்தீவிலுள்ள பத்ரகாளியம்மன் கோயிலின் மாசிமகத்துக்கு நம்மவர்கள் திரளாகக் கடக்கும் துறை அது. கடற்பயணம் குறைவு, சாலைப் பயணம்தான் நமக்கு நீளம்.

லங்காவியிலிருந்து திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். குவா துறையில் கோல கெடாவுக்கும் கோல பெர்லிஸுக்கும் செல்லும் பெரிகள் ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. பிள்ளைகளும் பைகளுமாக வரிசையில் நகரும்போது, டிக்கெட்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு ஏறுங்கள். உங்கள் கார் அவற்றுள் ஒரு கரையில்தான் நின்றுகொண்டிருக்கும். வணக்கம்.