கஞ்சா வழக்கில் கைதானால் யாரைத் தேடுவது?

வணக்கம், நேயர்களே. கஞ்சா வழக்கில் பையன் கைதாகிவிட்டான் என்று தகவல் வந்ததும் பல வீடுகளில் முதலில் தேடுவது வக்கீலை அல்ல, ஸ்டேஷனில் செல்வாக்கு உள்ள ஒருவரை. "பேசி முடிச்சிடலாம்" என்று அவரும் நகையை அடகு வைத்த பணத்தை வாங்கிக்கொண்டு போவார். 24 மணி நேரத்துக்குள் பையனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்டும் செய்து, அதாவது சிறைக் காவலுக்கு அனுப்பி, இருப்பார்கள். இப்படி ஏமாந்துபோய் கோர்ட் வாசலில் நிற்கும் அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

முதலில் எடையைக் கேளுங்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை அதை வைத்துத்தான். கஞ்சா ஒரு கிலோ வரை என்றால் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. அதற்கு மேல் 10 ஆண்டு வரை போகலாம். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. ஜாமீனுக்கும் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப இடமிருக்கிறது, வெளியே வந்தாலும் தப்பு செய்யமாட்டார் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். மகஜரில், அதாவது பறிமுதல் விவரம் எழுதிய காகிதத்தில், 21 கிலோ என்று இருந்தால், சாக்கோடு நிறுத்தார்களா, சாக்கு இல்லாமலா என்பது வரை பார்த்தாக வேண்டும். இலையும் விதையும் மட்டும் தனியாக இருந்தால் சட்டப்படி அது கஞ்சாவே இல்லை. பூவும் காயும் விட்ட நுனிதான் கஞ்சா.

இதையெல்லாம் யார் பார்ப்பார்? ஒரு கிலோவைத் தாண்டிய வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். சென்னை, மதுரை, கோவையில் எல்லாம் அவை இருக்கின்றன. நிலத் தகராறு நடத்திக் கொடுத்த குடும்ப வக்கீல் இதற்குச் சரிப்படமாட்டார். டிவியில் வரும் பெரிய பெயரும் தேவையில்லை. வழக்கு நடக்கிற அந்த நீதிமன்றத்தில் அன்றாடம் வழக்காடுகிறவரைப் பிடியுங்கள். விஷயம் தெரிந்தவர் எடுத்த எடுப்பிலேயே "சரக்கு பையில் இருந்ததா, இடுப்பில் இருந்ததா?" என்று கேட்பார். உடம்பைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட்டோ கெசட்டட் அதிகாரியோ முன்னிலையில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று தெரிவிப்பது கட்டாயம். பைக்கு அந்த விதி இல்லை. பையன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டானே என்று கலங்க வேண்டாம். போதைப்பொருள் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020-இல் தோஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டு வழக்குதான் அது. போலீசிடம் கொடுத்ததும் அப்படித்தான், செல்லாது.

"ஜாமீன் கேரண்டி, கிடைத்தால் மட்டும் பணம் கொடுங்கள்" என்பவரிடம் போகாதீர்கள். முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை வக்கீல்களுக்கான அமைப்பான பார் கவுன்சிலின் விதிகளே தடுக்கின்றன.

கையில் காசே இல்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். இது தர்மம் இல்லை, உரிமை. கூச்சமே வேண்டாம்.

அப்புறம், குண்டர் சட்டம். ஜாமீனுக்குக் காத்திருக்கும்போதே சிறைக்குள் அந்தச் சட்டப்படி தடுப்புக் காவல் ஆணையைக் கொடுக்கலாம்; ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அதை உடைக்க உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது தவறாக அடைத்து வைத்தவரை விடுவிக்கக் கேட்கும் மனு, போட வேண்டும். ஆணையோடு கொடுக்கும் காகிதக் கட்டில் ஒரு பக்கத்தைக்கூடத் தொலைக்காமல் வக்கீலிடம் சேர்க்கச் சொல்லுங்கள். மங்கலாக, படிக்க முடியாமல் இருக்கும் பக்கம்கூட அந்த மனுவில் வாதமாகும்.