மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

(ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

'இன்றைய வகுப்பறையில் மாணவர்களை ஈர்ப்பது எப்படி?' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மேடை ஏறுவதற்கு முன் உங்களில் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் கவனம் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை என்றார் ஒருவர். கைபேசியோடு எத்தனை நாள் போட்டி போடுவது என்றார் இன்னொருவர். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஓர் அம்மையார் சொன்னதுதான் என் மனத்தில் தைத்தது: "புதிதாக என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து எனக்கே உற்சாகம் வற்றிவிட்டது ஐயா." ஆகவே தலைப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். மாணவருக்கு ஊக்கம் தரவேண்டிய ஆசிரியருக்கு அந்த ஊக்கம் எங்கிருந்து வரும்? அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியன். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவன். வகுப்புக்குத் திறன் பலகை வந்த ஆண்டில், அந்தப் பாடத்துக்காக இரவெல்லாம் விழித்து அசைபடங்களும் காணொளிகளும் சேர்த்தேன். சூரிய ஒளி இலைமேல் விழும். கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகும். ஆக்சிஜன் குமிழ் குமிழாக வெளியே வரும். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். தேர்விலும் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதினார்கள். எனக்கு மிகுந்த மனநிறைவு.

ஒரு வாரம் கழித்து, பாடவேளை முடியச் சில நிமிடங்கள் மீதம் இருந்தன. சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு சின்ன விதை பல டன் எடையுள்ள மரமாகிறது. அந்த எடை எங்கிருந்து வந்தது? பெயர் போடவேண்டாம், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்."

வீட்டில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்தேன். மண், மண், மண். சிலவற்றில் தண்ணீர். ஒன்றில் உரம். காற்று என்று எழுதியவர் ஒரே ஒருவர். அவரும் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் மண் என்று எழுதியிருந்தார். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அது காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. நான் நடத்திய பாடத்தின் உயிரே அதுதான். சமன்பாட்டை எழுதிய கைகள்தான் மண் என்றும் எழுதின. படம் கண்ணில் நின்றது. எண்ணம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் சீட்டுகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது வேறொன்று புலப்பட்டது. இந்தப் பிள்ளைகள் கவனிக்காதவர்கள் அல்லர். செடி மண்ணில்தானே நிற்கிறது? வேர் மண்ணுக்குள்தானே போகிறது? கண்ணால் கண்டதை வைத்து ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள். உலகம் நெடுங்காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் அதைச் சோதித்துப் பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்சு அளவுதான். அப்படியானால் எடை முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அதுவும் தவறுதான். ஆனால் எவ்வளவு கௌரவமான தவறு! என் மாணவர்கள் சிலர் எழுதிய 'தண்ணீர்' என்ற விடை ஒரு பேரறிஞரின் விடை.

மறுநாள் காணொளி எதையும் திறக்கவில்லை. வான் ஹெல்மான்ட்டின் எண்களை மட்டும் பலகையில் எழுதினேன். "மண் என்று எழுதியவர்களே, இந்த 2 அவுன்சுக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து நின்றேன். அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். எண்களைத் தூக்கிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றார்கள். மணி அடித்த பிறகும் இரண்டு பேர் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். காற்றுக்கு எடை உண்டா என்ற கேள்வியை அவர்களே எழுப்பினார்கள். என் திட்டக் குறிப்பேட்டில் அந்தக் கேள்வி இல்லவே இல்லை.

நண்பர்களே, இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியவர். கடினமான கணக்குகளைப் போட்ட அவருடைய மாணவர்களிடம் அன்றாட வாழ்க்கையை ஒட்டிய எளிய இயக்கவியல் கேள்விகள் அடங்கிய ஒரு தேர்வைக் கொடுத்துப் பார்த்தார். அப்போது ஒரு மாணவி கேட்டாராம்: இதற்கெல்லாம் நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா? அந்தக் கேள்வியை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. நம் ஒவ்வொருவர் வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் இந்த இரண்டு கணக்குப் பேரேடுகள் இருக்கின்றன. ஆசிரியருக்குக் காட்ட ஒன்று, தனக்கென்று ஒன்று. இரண்டாவது பேரேட்டைத் திறந்து காட்டும் துணிவை அந்தப் பிள்ளைக்கு யார் கொடுப்பது?

மசூர் 1991இல் தம் முறையை மாற்றினார். ஒரு கேள்வி, தனியாக யோசித்து விடை சொல்லவேண்டும், பிறகு பக்கத்தில் வேறு விடை சொன்னவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைக்கவேண்டும், மறுபடியும் விடை. பேராசிரியர் திரும்பத் திரும்ப விளக்கியும் பிடிபடாததைப் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு நிமிடத்தில் விளங்கவைத்துவிட்டார். இப்போதுதான் புரிந்துகொண்டவருக்கு எந்த இடத்தில் கால் இடறும் என்பது மறந்திருக்காது. நமக்கு மறந்து நெடுநாளாயிற்று.

இதைப் படித்தபோது நம்முடைய நன்னூல் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசான் உரைத்ததை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவன் 'காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்'. கால் பங்குதான்! உடன் கற்பவரோடு பயிலும்போது இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போது வருகிறது. இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். பிறகு பல ஆண்டுகள் என் கால் பங்கை மெருகேற்றுவதிலேயே கழித்துவிட்டேன். முக்கால் பங்குக்கு வகுப்பில் இடமே விடவில்லை.

இடம் விடுவது என்றேன். அது நொடிக் கணக்கில் தொடங்குகிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடி. அதை 3 நொடியாக்கியபோது விடைகள் நீண்டன. 'தெரியாது' என்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அவர் சொன்ன இன்னொரு காத்திருப்பு இதைவிட அருமையானது: மாணவர் விடை சொல்லி முடித்த பிறகும் 3 நொடி பேசாமல் இருப்பது. 'சரி' என்றோ 'தவறு' என்றோ உடனே சொல்லாதீர்கள். அந்த அமைதியில் பிள்ளை தானாகவே 'ஏனென்றால்...' என்று தொடர்கிறது. நாளைக்கே செய்து பாருங்கள். மூன்று நொடி எவ்வளவு நீளம் என்பது அப்போது தெரியும். எனக்கு நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இப்படி நடத்தத் தொடங்கினால் பாராட்டு உடனே வராது. 'சார் நடத்துவதே இல்லை, எங்களையே பேசச் சொல்கிறார்' என்று மாணவர்களே குறைப்படுவார்கள். 2019இல் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வில், தாங்களே முயன்று கற்ற இயற்பியல் மாணவர்கள் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள்; ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தாம் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். யோசிப்பது சிரமம். அந்தச் சிரமத்தையே கற்காததன் அடையாளமாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்டின் முதல் வாரத்திலேயே இதை அவர்களிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பெற்றோரிடமும் பேசுங்கள்.

கருவிகளை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. சீட்டில் வாங்கும் விடையைக் கைபேசியில் வாங்கினால் இன்னும் விரைவாக வந்து சேரும். எது வழியாக வந்தாலும், அதை உட்கார்ந்து படிக்கவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

உற்சாகம் வற்றிவிட்டது என்றீர்களே அம்மா, உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன். போன மாதம் வந்த சீட்டு இது, இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். "மரம் காற்றாலும் வெளிச்சத்தாலும் எடை கூடுகிறது என்றால், இருட்டில் வைத்த விதை மட்டும் எதைக்கொண்டு இவ்வளவு நீளமாக முளைக்கிறது?" இத்தனை ஆண்டில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஒரு வரியில் விடை சொல்லியிருப்பேன், சொல்லவில்லை. எடை ஒன்றாக இருக்கும்படி இரண்டு பிடி விதைகளை எடுத்தோம். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதை நனைத்து இருட்டுப் பெட்டிக்குள் முளைக்க விட்டோம். வெளிறிப்போன நீண்ட தண்டுகள் வந்தன. இப்போது இரண்டையும் ஈரம் போக உலர்த்தியாகிவிட்டது. வகுப்பில் பெரும்பாலோர் முளைத்ததுதான் கனமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். கேள்வி கேட்ட பெண் மட்டும் எதுவும் எழுதாமல், தராசைத் தானே பிடிக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நாளை முதல் பாடவேளையில் நிறுக்கப் போகிறோம்.

நன்றி. வணக்கம்.